சோம்பேறி என்ற பேரும் ஆறு கிழமைக் குளிசையும்: ஏ.டி.எச்.டி. மருந்து பற்றிய ஒரு முடிவின் நிகழ்வு ஆய்வு

வயது 29. திருமணமாகாத பெண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறார். கோண்டாவில் பக்கம் தாயுடன் வசிக்கிறார். தகப்பன் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு கனடாவில், ஸ்காபரோவில். 2024இன் கடைசியில் மனநல வைத்தியர் இவருக்கு ஏ.டி.எச்.டி. (சிறுவயதிலிருந்தே கவனம் நிலைக்காமலும் சிலரில் துருதுருப்போடும் இருக்கிற நிலை) என்று தீர்மானித்து, மெதைல்பெனிடேற் என்ற மருந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். "யோசிச்சுச் சொல்லுறன் டொக்டர்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

அந்த யோசனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் அதே கிளினிக்கில் உளவளத்துணையாளர். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் எழுதப்பட்ட மருந்து ஏன் பலருடைய அலுமாரியில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். இவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டுகளை மட்டும் மாற்றவில்லை. இந்த நிகழ்வில் நோயைத் தீர்மானிக்க அவைதான் உதவின.

வந்த காரணம்

அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பித்தவர்களின் கோப்பு ஒன்று இவருடைய மேசையிலேயே மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. உத்தியோகத்தில் மேலே போக எழுத வேண்டிய தடைதாண்டல் பரீட்சையில் இவர் தோற்கவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்டதால் எழுதவே இல்லை, அதுவும் இரண்டு தடவை. காங்கேசன்துறை வீதியில் ஸ்கூட்டியோடு விழுந்து கையில் தையல். இவையெல்லாவற்றையும் விட இவரை உடைத்தது அம்மாவின் சங்கிலி. வங்கியில் அடகு வைத்த நகையை உரிய நேரத்தில் புதுப்பிக்க மறந்து, ஏல அறிவித்தல் வீட்டுக்கு வந்துவிட்டது. காசு இருந்தது. வங்கியும் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான். "ஒவ்வொரு நாளும் நினைச்சனான் அக்கா, ஒவ்வொரு நாளும் மறந்தனான்" என்றார். அண்ணன் அவசரமாகக் காசு போட்டு நகையை மீட்டார். தாய் ஒரு கிழமை கதைக்கவில்லை.

பல்கலைக்கழகக் காலத்தில் ஒருமுறை மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருக்கிறார். அழுகை நின்றது, நித்திரை வந்தது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பந்தியை நாலு தரம் வாசிப்பது அப்படியே இருந்தது. இதை வைத்தியர் முக்கியமாகக் குறித்துக்கொண்டார். மனச்சோர்வாலும் கவனம் சிதறும். ஆனால் சோர்வு விலகிய பிறகும் சிதறல் மாறாமல் நின்றால் வேறு காரணம் தேடத்தான் வேண்டும்.

போரா, பிறவியா

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இவர் பிறந்தது 1995 நவம்பரில். ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இரவோடிரவாக எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. நிறைமாத வயிற்றோடு நடந்தவர்களில் இவருடைய தாயும் ஒருவர். சாவகச்சேரியில் தங்கியிருந்தபோது இவர் பிறந்தார். ஆகவே வீட்டில் எப்போதும் ஒரே விளக்கம்தான்: "அலைஞ்ச வயித்தில இருந்த பிள்ளை, அதுதான் ஒரு இடத்தில இருக்காது."

போரின் பாதிப்பும் ஏ.டி.எச்.டி.யும் வெளியில் பார்க்க ஒன்றுபோலத் தெரியும். பதகளிப்போடு வாழ்ந்த பிள்ளைக்கும் கவனம் நிற்காது, நித்திரை வராது, சின்னச் சத்தத்துக்கும் தலை திரும்பும். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குச் சரிவராது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு வைக்கும் நிபந்தனைகளில் இங்கே பெரிதாக உதவியவை இரண்டு: அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம், வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும்.

இங்கேதான் ஆண்டுகள் வருகின்றன. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம். அந்த ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி பூட்டப்படும் வரைக்கும் இந்தக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓரளவு அமைதியான பள்ளிக்காலம் கிடைத்தது. இவருக்கு அது தரம் 2இலிருந்து தரம் 6 வரை. அந்தக் காலத்துத் தேர்ச்சி அறிக்கைகளைத் தாய் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். தரம் 3இல்: "கெட்டிக்காரி. கொப்பிகளைத் தொலைக்கிறார்." தரம் 4இல்: "கதை குறைக்க வேண்டும். வேலையை முடிப்பதில்லை." தரம் 5இல் புலமைப்பரிசில் வகுப்பு ஆசிரியை எழுதியது: "தெரிந்த விடைகளையும் விட்டுவிட்டு வருகிறார்." போர் ஒதுங்கி நின்ற வருடங்களிலும் பிள்ளை இப்படித்தான் இருந்திருக்கிறது. கெட்ட கனவோ, பழைய சம்பவங்கள் கண்முன் வருவதோ, சில இடங்களைத் தவிர்ப்பதோ பிறகும் இருந்ததில்லை.

வளர்ந்தோருக்கான கேள்விக்கொத்தில் கூடிய புள்ளி வந்தது. அது மட்டும் போதாது என்பதால்தான் பிஸ்கட் பெட்டி வரை போனோம். தைரொயிட், இரத்தச்சோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்து பிரச்சினை இல்லை என்று வந்தது. நித்திரைதான் மோசம்: நடுச்சாமம் தாண்டியும் கையில் போன்.

பெண் பிள்ளைகளில் இது பிந்திப் பிடிபடுவதற்குக் காரணம் உண்டு. குழப்படி செய்து வகுப்பைக் குலைக்கிற பொடியனை எல்லோரும் பார்ப்பார்கள். யன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளைக்கு "சோம்பேறி" என்ற பேர்தான் மிஞ்சும்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்பதற்குள் இருந்தவை

மருந்துக்கு முன்பே சில மாற்றங்களைத் தொடங்கியிருந்தோம். பொதுமக்கள் வரிசை நிற்கும் பக்கத்திலிருந்து மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பியது, ஒரு நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் மேசையில் வைப்பது, திகதிகள் எல்லாம் போனில் இரண்டு அலாரத்தோடு. வீட்டில் கட்டணச் சீட்டுகள் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில். பயன் இருந்தது, ஆனால் போதவில்லை. வளர்ந்தவர்களில் சூழலை மாற்றிய பிறகும் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டால் மருந்தை முன்வைக்கலாம் என்று பிரித்தானியாவில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2018இல் சொன்னது. எங்கள் வைத்தியரும் அந்த ஒழுங்கிலேயே போனார்.

தாயின் பயம் முதலில் வெளியில் வந்தது. "பேப்பரில ஒவ்வொரு நாளும் போடுறாங்கள், பொடியள் போதை மாத்திரையோட பிடிபடுறாங்கள் எண்டு. இதுவும் அந்தச் சாமானோ?" அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இங்கே பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாயும் கேட்க வேண்டிய கேள்வி. சும்மா ஆறுதலுக்கு "இல்லை அன்ரி" என்று சொல்லிவிட முடியாது. மெதைல்பெனிடேற் ஒரு ஊக்கி மருந்து. 1971ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்ட பொருள். தப்பாகப் பாவிக்கவும் முடியும். ஆனால் வைத்தியர் தரும் அளவில் வாயால் எடுக்கும்போது அது மூளையில் மெதுவாக ஏறும். போதைக்காகத் தேடுபவர் விரும்புகிற திடீர் ஏற்றம் அதில் இல்லை. ஏ.டி.எச்.டி.க்கு முறையாக மருந்து எடுப்பவர்கள் அதனால் பிறகு போதைக்குப் போகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டவில்லை. இதைச் சொல்லி, குளிசையை எங்கே வைப்பது, யார் எண்ணுவது என்றும் தாயோடு கதைத்தோம். தாய் அமைதியானது இரண்டாவது பகுதியைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனின் பக்கம் வேறு. அவருடைய மகன் அங்கே கொன்சேர்ட்டா எடுக்கிறான். அதுவும் மெதைல்பெனிடேற்தான், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. "இஞ்ச எத்தினை பிள்ளையள் எடுக்குதுகள், நான் பார்சலில அனுப்பிவிடுறன்" என்று வட்ஸ்அப்பில் சொன்னார். அன்பால் சொன்னதுதான். ஆனால் கட்டுப்பாட்டு மருந்தைத் தபாலில் அனுப்புவது சட்டப் பிரச்சினை. அதைவிட, ஒரு பிள்ளைக்கு நிர்ணயித்த அளவை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்காமல் இன்னொருவர் விழுங்குவது ஆபத்து. புலம்பெயர்ந்த உறவுகளின் மருந்துப் பொதிகள் எங்கள் வீடுகளில் எப்போதும் உண்டு. இந்த மருந்து அந்தப் பொதிக்குள் வரக்கூடாது.

கலியாணப் பேச்சு மூன்றாவது. குறிப்புகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனநலக் கிளினிக் வாசலில் ஊர்ச்சனம் யாராவது கண்டால் என்ன கதை போகும் என்று தாய்க்கும் மகளுக்கும் ஒரே பயம். "விசர்க் குளிசை" என்று பேர் வந்துவிட்டால் பிறகு யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்?

இந்த மூன்றையும் கதைத்து முடித்த பிறகும் இவர் முடிவுக்கு வரவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. சில சந்திப்புகளுக்குப் பிறகு, போக எழும்பியவர், கதவடியில் நின்று கேட்டார்: "போட்டுப் பார்த்து அது வேலை செய்யேல்லை எண்டா, அப்ப நான் உண்மையாவே சோம்பேறிதானே அக்கா?"

பக்கவிளைவுப் பட்டியலை எத்தனை தடவை விளங்கப்படுத்தினாலும் இந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்திராது. 29 வருடமாகத் தாய், ஆசிரியர்கள், மேலதிகாரி எல்லோரும் சொன்ன ஒரு தீர்ப்பு. இப்போதுதான் ஒரு வைத்தியர் அதை மறுத்திருக்கிறார். குளிசை தோற்றால் அந்த மறுப்பும் தோற்றுவிடும் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார். போடாமல் இருக்கும் வரைக்கும் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கும்.

மருந்துக்குப் பலன் தெரிவதோ தெரியாததோ நோயைத் தீர்மானிக்கும் பரிசோதனை ஆகாது. 1978இல் அமெரிக்காவில் ஜூடித் ராப்போர்ட் குழுவினர் ஏ.டி.எச்.டி. இல்லாத சிறுவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஊக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கவனம் கூடியது. ஆகவே பலன் தெரிந்தால் அது மட்டும் நோயை நிரூபிக்காது. மறுபக்கம், உண்மையாக ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிலும் கணிசமான பேருக்கு முதல் மருந்து சரிவருவதில்லை. அவர்களுக்கு அற்றொமொக்செற்றின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. இவருடைய நோய்த் தீர்மானம் பிஸ்கட் பெட்டியிலும், அலுவலகக் கடிதத்திலும், தாயின் வாக்குமூலத்திலும் இருக்கிறது. குளிசை அதை மாற்றாது.

இதை வைத்தியரும் தன் வாயால் இவருக்குச் சொன்னார். நான்தான் கேட்டுக்கொண்டேன். நோயைத் தீர்மானித்தவரே சொல்லும்போது அதன் பாரம் வேறு.

தெரிந்ததும் நிச்சயமில்லாததும்

மூளையின் முன்பகுதியில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின், நோரட்ரினலின் என்ற இரசாயனங்கள் திரும்ப உறிஞ்சப்படுவதை மெதைல்பெனிடேற் தடுக்கிறது. சாதாரண வகை அரை மணித்தியாலத்துக்குள் தொடங்கி மூன்று, நாலு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 1950களிலிருந்து ரிற்றலின் என்ற பெயரில் விற்பனையில் இருக்கும் பழைய மருந்து இது. 2018இல் 133 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பு வெளியானது. சில கிழமைகளிலிருந்து 12 கிழமை வரையான காலத்துக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் அவ்வளவு நல்ல ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி 2019இலும் 2021இலும் விண்ணப்பித்தபோது சேர்க்கவில்லை. நீண்டகால ஆதாரம் போதாது என்பது அதற்கு ஒரு காரணம். இதையும் இவருக்குச் சொன்னோம். படித்த பெண், இணையத்தில் தானே பார்த்துவிடுவார். எங்களிடமிருந்து கேட்பது நல்லது.

இவரை உண்மையில் அசைத்தது வேறொரு தகவல். 2017இல் வெளியான, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏ.டி.எச்.டி. நோயாளரின் பதிவுகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வில், மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்துக்காக அவசர சிகிச்சைக்குப் போவது எடுக்காத மாதங்களை விடப் பெண்களில் 42 வீதமும் ஆண்களில் 38 வீதமும் குறைவாக இருந்தது. கையில் தையல் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். "எல்லாம் செய்து பார்த்துத் தோற்ற பிறகுதான் குளிசை" என்று தள்ளிப்போடுவதில் ஒரு கொடுமை இருக்கிறது. அலாரமும் பட்டியலும் எழுதி ஒழுங்காகப் பின்பற்றுவதற்கே கவனம் வேண்டும். அது இல்லாதவரிடம் முதலில் அதைச் செய்து காட்டு என்கிறோம். அதேநேரம், பரீட்சைக்குப் புள்ளி கூட்டுவதற்காக இந்த மருந்தைக் கேட்டு வருகிற பெற்றோரையும் நான் பார்க்கிறேன். அது மருந்தின் வேலை இல்லை.

ஆறு கிழமை

"வாழ்நாள் முழுக்கப் போடவேணுமோ" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தோம். அதற்கு அன்று பதில் சொல்ல யாராலும் முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. ஆறு கிழமை போட்டுப் பார்ப்பது, பிறகு இருந்து கதைப்பது. பிடிக்காவிட்டால் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு நிறுத்துவது. காலையில் போட்டது பின்னேரத்துக்குள் போய்விடும் மருந்து என்பதால் இது சாத்தியம். எதைப் பார்த்துப் பலன் என்று சொல்வது என்பதை இவரே தீர்மானித்தார்: மத்தியானத்துக்கு முன் முடிந்த கோப்புகள், நேரத்துக்குக் கட்டிய கட்டணங்கள், அம்மாவோடு சண்டை வந்த நாட்கள். கொப்பியில் மூன்று நிரல் கீறினார். நிறுத்துவதற்கான அடையாளங்களை வைத்தியர் சொன்னார்: நெஞ்சுப் படபடப்பு, நித்திரை அடியோடு போவது, மனம் கடுமையாக மாறுவது. குடும்பத்தில் இளவயது இதய நோய் இருந்ததா என்று கேட்டு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நிறை எல்லாம் எழுதிவிட்டுத்தான் தொடங்கியது.

முதல் கிழமை காலை 5 மில்லிகிராம், மத்தியானம் 5. "ஒண்டும் தெரியேல்லை" என்றார். குரலில் அந்தப் பழைய பயம். இது தொடக்க அளவுதான், மெதுவாகத்தான் கூட்டுவார்கள் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தது உதவியது. ஒவ்வொரு தடவையும் 10 என்று ஆன பிறகு ஒரு நாள், "அக்கா, கோப்பைத் திறந்தன், முடிச்சன், மூடினன். அவ்வளவுதான். மற்றாக்களுக்கு எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டுவிட்டு அழுதார். சந்தோசமும் இருந்தது, இழந்த வருடங்களின் துக்கமும் இருந்தது. இந்த அழுகை வரும் என்று குடும்பத்துக்கு யாரும் சொல்வதில்லை. தாய் பயந்து, குளிசைதான் பிள்ளையை அழவைக்கிறது என்று எனக்குப் போன் எடுத்தார்.

பசி போனது. கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அது எந்த ஆய்வு முடிவையும் வென்றுவிடும். காலையில் குளிசைக்கு முன் வயிறு நிறையப் புட்டோ இடியப்பமோ, பின்னேரம் வந்ததும் ஒரு நேரச் சாப்பாடு என்று மாற்றினோம். நிறை ஒன்றரைக் கிலோ குறைந்து பிறகு நின்றது. நாடித்துடிப்பு சற்றுக் கூடியது. அலுவலகத்தில் மணிக்கொரு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தைக் குறைத்ததும் படபடப்பு அடங்கியது. பின்னேரம் மருந்து இறங்கும் நேரத்தில் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அரை மணித்தியாலம் தனியாக இருக்க விடும்படி தாயிடம் கேட்டார். தாய் விட்டார்.

கொப்பியின் முதல் நிரல் தெளிவாக நிறைந்தது. இரண்டாவது பாதிதான். மின்சாரக் கட்டணம் ஒன்று மறுபடி தவறியது. சீட்டைக் கதவடியில் மாட்டுகிற பழக்கத்தைக் குளிசை கொண்டுவராது. அதைப் பழகத்தான் வேண்டும். ஆனால் பழகுவது இப்போது இலேசாக இருந்தது, அலாரம் அடித்ததும் எழும்பிப் போக முடிந்தது. மூன்றாவது நிரலில், சண்டை குறைந்தது மருந்தாலா, அல்லது ஏல அறிவித்தல் வந்தது வேண்டுமென்று செய்த அலட்சியத்தால் இல்லை என்று தாய் விளங்கிக்கொண்டதாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முடிவும் அதற்குப் பிறகும்

ஆறு கிழமை முடிய இவர் தொடர்வது என்று தீர்மானித்தார். வேலை நாட்களில் போடுவது, சனி ஞாயிறில் வைத்தியரின் சம்மதத்தோடு விடுவது, ஸ்கூட்டியில் தூரம் போகிற ஞாயிறுகளில் மட்டும் போடுவது. அந்தக் கடைசி விதி இவருடையது. வருடத்துக்கு ஒருமுறை இன்னும் தேவையா என்று பார்ப்பதாகவும் கொப்பியில் எழுதியிருக்கிறது.

கலியாண விடயத்தில், சத்துக் குளிசை என்று சொல்லிச் சமாளிப்போம் என்ற தாயின் யோசனையை இவர் ஏற்கவில்லை. சரிவந்த சம்பந்தமொன்றில் பொடியனோடு தானே போனில் கதைத்து, பேரைச் சொல்லி, என்ன மருந்து, எதற்கு என்று விளங்கப்படுத்தினார். அதற்கு முன் என்னோடு ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டார். சொல்வதா விடுவதா என்பதில் நான் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. அது முழுக்க இவருடையது. பேச்சு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

கர்ப்பம் பற்றி வைத்தியர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பிள்ளைக்குத் திட்டமிடத் தொடங்கும்போதே வரவேண்டும், நிறுத்துவதா தொடர்வதா என்று அப்போது நன்மையையும் ஆபத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும், கர்ப்பமானது தெரிந்த பிறகு ஓடி வருவதற்கு விடக்கூடாது. அது கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறோம். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுக்க மருந்துகள் தட்டுப்பட்டதை எல்லோரும் கண்டோம். மறுபடி அப்படி வந்தால், யாரிடமும் கடன் வாங்கிப் போடுவதில்லை, கனடாவிலிருந்து எடுப்பதில்லை, பிறகு அளவைக் கூட்டி ஈடுசெய்வதில்லை. அந்த நாட்களில் ஸ்கூட்டியை விட்டு பஸ்ஸில் போவது, முக்கிய கோப்புகளைக் காலையிலேயே சக உத்தியோகத்தர் ஒருவரோடு சேர்ந்து பார்ப்பது. அந்தச் சக உத்தியோகத்தருக்கு விடயத்தை இவரே சொல்லியிருக்கிறார்.